வண்டிக்குள் காற்று நின்ற மத்தியானம்

எங்கள் வண்டியின் முன்பக்கத்தில் காற்று வருவதற்கு நாலு வாய் உண்டு. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு. நடுவில் இருக்கிற இரண்டையும் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால்தான் பின்சீட்டுக்குக் குளிர்ச்சி வரும். பின்னால் உட்காருகிறவர்களுக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. பழைய பிக்கப் வண்டி அது. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் உட்காரலாம். அதற்கும் பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டி.

என் வீட்டுக்காரர் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விட்டவர். அதற்காகத்தான் யாரோ ஒரு காண்டிராக்டர் ஓட்டிக் கழித்த வண்டியை வாங்கி வந்தார். "பாத்திரம் ஏத்துற வண்டிக்கு ஏசி எதுக்கு?" என்று கேட்டேன். "எனக்கில்ல. குண்டானுக்கு வேர்க்கும்ல" என்றார். அப்படிப் பேசுகிற மனிதர். பிறகு நெஞ்சில் இழுப்பு வந்து, ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியதாயிற்று. வண்டி சாவி மருமகன் கைக்குப் போனது.

போன கத்திரி வெயிலில் அவரைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு அந்தப் பெண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "வெயில் ஆகாதும்மா. புழுதி ஆகாது. காட்டமான எந்த வாசனையும் ஆகவே ஆகாது. இந்தத் தடவை மீண்டு வந்துட்டார். வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னாடி இன்னொரு தடவை இழுத்துச்சுன்னா நெஞ்சு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது." நான் தலையை மட்டும் ஆட்டினேன். கேட்க நினைத்தது எதையும் கேட்கவில்லை. எனக்கு அது எப்போதுமே வராது. பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராமல் இறங்கிப் போகிறவள் நான்.

டாக்டர் சொன்ன காட்டமான வாசனை எங்கள் வழியிலேயே இருந்தது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வருகிற ரோட்டில், ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், குடிகாட்டுப் பக்கம் கெமிக்கல் கம்பெனிகள் இருக்கின்றன. எல்லா நேரமும் வாடை வராது. காற்று திரும்பினால் வரும். இந்தத் தடவை இவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அந்த இடத்தில் ஆட்டோவுக்குள் வாடை புகுந்ததால்தான். வடலூர் பக்கம் சுற்றிப் போகலாம் என்றால் அங்கே ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஒரே புழுதி. ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்று மருமகன் சொன்னதற்கு இவர் கையை ஆட்டிவிட்டார். "வாணாம் மாப்ள. அதுல படுத்தா செத்தவன் மாதிரி இருக்குது. என் வண்டியிலயே போறேன். கண்ணாடிய ஏத்திட்டு ஏசிய போடு. போதும்."

ஆக, எல்லாம் அந்த நாலு வாயை நம்பித்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. என் அம்மாவும் என் வீட்டுக்காரரிடம் பேசியதில்லை, அதைப் பார்த்து நானும் அப்படியே. மருமகன் வந்தால் எழுந்து கதவோரம் போய் நிற்பேன். "இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கச் சொல்லும்மா" என்பேன் மகளிடம். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "போதும்னு சொல்லு" என்பார், அவரும் மகளிடம்தான். பேத்தி காலேஜுக்குப் போகிற வயது வந்தும் அது மாறவில்லை. மற்ற வீடுகளில் எல்லாம் இது எப்போதோ போய்விட்டது என்று மகள் கேலி செய்வாள். எனக்கு என்னவோ அது வசதியாகவே இருந்தது. அவருக்கும்தான் என்று நினைக்கிறேன். நான் வண்டியில் ஏறினால் முன்னால் இருக்கிற கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுவார், என் முகம் தெரியாதபடி.

வழக்கமாக மகள் நடுவில் இருப்பாள். அன்றைக்கு அவள் இல்லை. நாங்கள் இப்போது தேவனாம்பட்டினம் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம், குடிகாட்டு வீட்டை விட்டு வந்துவிட்டோம். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பூட்டிக் கிடந்த அந்த வாடகை வீட்டில் தூசி தும்பைக் கழுவித் தள்ளவேண்டும் என்று மகள் விடியற்காலையிலேயே பஸ் ஏறிக் கடலூர் போயிருந்தாள்.

சிதம்பரம் பைபாஸில் ஒரு ஏசி மெக்கானிக் கடை. மெக்கானிக் மருமகனோடு ஒன்றாகப் படித்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியதுமே அங்கே நிறுத்தினார், எங்களைக் கூப்பிட வரும்போதே குளிர்ச்சி குறைவாக இருந்ததாம். மெக்கானிக் பானட்டைத் திறந்து, கடிகாரம் மாதிரி இருந்த ஒரு மீட்டரை மாட்டி, முள்ளைப் பார்த்தார்.

"கேஸ் கம்மியா இருக்குது மச்சான். போட்டுடுறேன்."

"பெரியவர கூட்டிட்டுப் போறேன்டா. வழியில காலை வாரிடப் போவுது."

"ஒன் கல்யாணத்துக்கு வாங்குன வண்டியா இது, காலை வாராம இருக்க? பாட்டி வண்டிடா. அது போறதே பெரிசு." அப்புறம் பின்சீட்டில் இருந்த என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒங்கள சொல்லலம்மா."

கேஸ் போட்டதும் நாலு வாயிலும் சில்லென்று காற்று பீறிட்டு வந்தது. மெக்கானிக் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். அதற்குக் கீழே ஒரு சின்ன லிவர் இருக்கிறது. அதை ஒரு பக்கம் தள்ளினால் வெளிக்காற்று வரும், மறுபக்கம் தள்ளினால் வெளியை அடைத்துவிட்டு உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர வைக்கும். அது நடுவிலேயே நின்றிருந்தது. தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. "கேபிள் துருப்புடிச்சிருக்கும். டேஷ்போர்டு முழுக்க கழட்டணும். இன்னொரு நாளைக்கு வா, பாத்துக்கலாம்."

வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். முன்சீட்டில் பெல்ட் நெஞ்சை அழுத்துகிறது என்றுதான் பின்னால் என்னோடு ஏற்றியிருந்தோம். நெற்றியில் வேர்வை இல்லை. மூச்சு சீராக இருந்தது. முட்லூர் போனது. வெளியே ரோடு தார் உருகிப் பளபளத்தது. உள்ளே கை சில்லிட்டது. பரவாயில்லை, போய்விடுவோம் என்று நினைத்தேன்.

பெரியபட்டுக்குக் கொஞ்சம் முன்னால் என் முகத்தில் பட்ட காற்று மெலிந்தது. முதலில் என் நினைப்போ என்று பார்த்தேன். உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் அப்படியே இருந்தது, சொல்லப்போனால் ஜாஸ்தியாகக்கூட இருந்தது. காற்றுதான் வரவில்லை. மருமகன் விசிறிக் குமிழைத் திருகினார். விசிறி இன்னும் கத்தியது. ஓரத்து வாயில் கையை வைத்தார், நடுவில் வைத்தார், கண்ணாடிப் பக்கம் திருப்பினார், கால் பக்கம் திருப்பினார். எதிலும் ஒரு ஊதல் அளவுக்குத்தான் வந்தது. இவர் கழுத்தில் வேர்வை பூத்தது. கண்ணைத் திறந்தார்.

முந்தானைக்குள் இருந்த பட்டன் போனை எடுத்து மகளுக்குப் போட்டேன்.

"என்னாம்மா, எங்க வரீங்க?"

"பெரியபட்டுகிட்ட. வண்டியில காத்து வரல. அப்பாவுக்கு வேர்க்குது. சொல்லு."

"யாருகிட்ட?"

"அவருகிட்டதான்."

"அவரு ஒன் முன்னாடிதானம்மா ஒக்காந்திருக்காரு?"

"சொல்லேன்டி."

நான் போனை மடியில் வைத்த மறு நொடி முன்னால் மருமகனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். மகளின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "ஏங்க, காத்து வரலன்னு எங்கம்மா சொல்லச் சொல்றாங்க."

"எனக்குந்தான் வரல. பாத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லு."

"பாத்துக்கிட்டிருக்காராம்மா. கேட்டுதா?"

"கேட்டுச்சு" என்றேன் பின்னாலிருந்து, போனைப் பார்த்து.

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும்... தபால்... போட்டுக்குங்க" என்றார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கையில் தயாராக வைத்திருந்த இழுப்பு மருந்துப் பம்பை வாயில் கொடுத்து அழுத்தினேன்.

மருமகன் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினார். அடுப்பிலிருந்து வருகிற மாதிரி ஒரு காற்று. புதுச்சத்திரம் தாண்டி, ஆலப்பாக்கத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்து நிழலில் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார். நான் இறங்கி, துண்டை நனைத்து இவர் கழுத்தில் போடலாம் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அப்போதுதான் வண்டிக்கு அடியில் பார்த்தேன். சின்னக் குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஏசி போட்டால் சொட்டுச் சொட்டாகச் சொட்டுவது எனக்குத் தெரியும். இது சொட்டவில்லை, ஊற்றியது. மண் குழிந்து ஓடியது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிரிட்ஜ் இருந்தது. மேல் அறையில் பனி கட்டி, சுவர் மாதிரி வளர்ந்து, கீழே இருக்கிற பால் திரிந்துவிடும். மேலே அவ்வளவு குளிர், கீழே ஒன்றுமில்லை. நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் சமையலறை முழுக்க இப்படித்தான் தண்ணீர் ஓடும். இதுவும் அதுவாக இருக்குமோ என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்ல மறுபடியும் மகளுக்குத்தான் போட்டேன். "ஐஸ் கட்டிக்கிட்டிருக்குமான்னு கேக்கச் சொல்லு. நம்ம பழைய பிரிட்ஜ் மாதிரி."

மருமகன் பானட்டுக்கு அந்தாண்ட நின்றிருந்தார். நான் பேசியது அவர் காதில் நன்றாக விழுந்திருக்கும். ஆனாலும் தன் போன் அடிக்கிறவரைக்கும் காத்திருந்தார். அடித்தது. எடுத்தார், கேட்டார், "சரி" என்றார். பிறகு மெக்கானிக்குக்குப் போட்டார்.

"ஆமா மச்சான், ஐஸ் அடிச்சிருக்கும். காத்து போதுமான அளவு உள்ள வரலன்னா அப்படி ஆவும். ஃபில்டர நான் பாத்தேனே, சுத்தமாத்தான் இருந்துது... வேற எங்கயோ அடச்சிருக்குடா. இப்பத்திக்கு ஒண்ணு பண்ணு. ஏசிய ஆஃப் பண்ணிட்டு வெறும் காத்த மட்டும் ஓட்டு, உருகிடும். அப்பறம் கம்பெனிகிட்ட வர்றப்ப கண்ணாடிய ஏத்திட்டு ஏசிய போட்டு ஒரே ஓட்டமா தாண்டிடு."

"லிவர்தான் நவுரலியே. வெளிக்காத்து உள்ள வருமே?"

"வேகமா தாண்டிடு" என்றார் மெக்கானிக் மறுபடியும்.

வண்டி கிளம்பியது. ஆலப்பாக்கம் தாண்டினோம். வெறும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் பிடித்தது. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. மருமகன் கண்ணாடிகளை ஏற்றினார், ஏசியைப் போட்டார், காலை அழுத்தினார். குளிர்ச்சி வந்தது.

அப்போது இவர் என் முழங்காலைத் தட்டினார். பார்த்தேன். ஒரு கையைக் குழியாக வைத்து, மறு கையின் கட்டைவிரலால் அதற்குள் எதையோ அமுக்கி அமுக்கித் திணித்துக் காட்டினார். பிறகு முன்னால் டேஷ்போர்டைக் காட்டினார். பிறகு அதற்கும் அப்பால், கண்ணாடிக்கு வெளியே, வைப்பர் இருக்கிற இடத்தைக் காட்டினார்.

"துணி" என்றார். அதற்கு மேல் மூச்சு இல்லை.

வேறு யாராவது பார்த்திருந்தால் விளங்கியிருக்காது. குடிகாட்டுப் பக்கத்தில் வாழ்ந்த எனக்கு விளங்கியது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் கிழிந்த சேலைத் துணி ஒரு மூட்டை இருக்கும். வாடை வருகிறபோது தெருவில் யாராவது ஒருத்தர் "காத்து திரும்பிடுச்சு" என்று குரல் கொடுப்பார். உடனே வீட்டுக்கு வீடு துணியை நனைத்துக்கொண்டு ஓடுவோம். ஜன்னல் இடுக்கு, கதவுக்கு அடியில், புகைபோக்கி, எங்கே ஓட்டை இருந்தாலும் கட்டைவிரலால் அமுக்கித் திணிப்போம். சின்னப் பிள்ளைகளுக்கும் அது கைவந்த வேலை. இவர் தினமும் பாத்திரம் ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில்தான் போய் வந்தார். வண்டிக்குக் காற்று நுழைகிற ஓட்டை எது என்று பார்த்து, வீட்டுக்குச் செய்ததையே வண்டிக்கும் செய்திருக்கிறார். செய்துவிட்டு மறந்தும் போயிருக்கிறார். அந்தத் துணியைத்தான் விசிறி உள்ளே இழுத்து லிவர் திறந்து மூடுகிற கதவில் சிக்க வைத்திருக்கிறது.

மகளுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

அதற்குள் வாடை வந்துவிட்டது. முதலில் ஒரு நூல் மாதிரித்தான். அழுகிய முட்டைக்கோசும் நகப்பூச்சும் கலந்த மாதிரி. நடுவில் இருந்த வாய் வழியாக, குளிர்ந்த காற்றோடு சேர்ந்து வந்தது. இவர் முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையையும் முன்சீட்டில் ஊன்றிக்கொண்டார். தொண்டைக் குழி உள்வாங்கியது, வெளியே வரவில்லை.

"நிறுத்தச் சொல்லு" என்றேன். "வண்டிய நிறுத்தச் சொல்லு."

வண்டி நிற்கவில்லை. இன்னும் வேகமாகப் போனது. நான் கையில் போனைப் பிடித்திருந்தேன். மகளிடம் பேசுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தன் போன் அடிக்கும் என்று காத்திருக்கிறார். கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு மனிதர் மூச்சுக்கு என்ன பாடுபடுகிறார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அவரை நேராகக் கூப்பிட வேண்டும். அந்தச் சொல்லை நான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன், மாப்பிள்ளை வந்தார், மாப்பிள்ளை சாப்பிட்டார் என்று. அவரைப் பார்த்துக் கூப்பிட்டதில்லை. இவர் கை என் கையைப் பிடித்தது. ஈரமாக இருந்தது, ஐஸ் மாதிரி இருந்தது.

"மாப்ள!" என்று கத்தினேன். "நிறுத்துங்க! வண்டியத் திருப்புங்க!"

வண்டி கிறீச்சிட்டு நின்றது. அவர் உடம்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தார். "அத்த?"

"துணி அடச்சிருக்குது. இவருதான் அடச்சிருக்காரு. வாடை உள்ள வருது. திருப்புங்க, மொதல்ல திருப்புங்க."

ஒரு கேள்வி கேட்கவில்லை. எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போக, வண்டியை ஒடித்துத் திருப்பினார். சவுக்குத் தோப்பு வருகிறவரைக்கும் ஓட்டினார். வாடை நின்றது. நிழலில் நிறுத்தி எல்லாக் கண்ணாடியையும் இறக்கினார். பம்பை மறுபடி கொடுத்தேன். இவர் உதட்டு ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. மருமகன் கை நீட்டிக் கூரைப் பக்கம் இருந்த கண்ணாடியைக் கீழே இழுத்தார். அதில் பார்த்தார்.

"மாமாவுக்கு எப்பத்துலேர்ந்து இப்படி இருக்குது?"

"அதத்தான் சொல்லிக்கிட்டே வரேன்."

"எங்கிட்டயா சொன்னீங்க?" என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

பானட்டைத் தூக்கினார். வைப்பருக்கு அடியில் சல்லடை மாதிரி ஒரு கறுப்புத் தகடு. ஸ்குரு டிரைவரால் நெம்பி எடுத்தார். அதற்குள் ஒரு பொந்து. கையை விட்டார், மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. பெரிய கை. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவ்வளவு கிட்டத்தில் நான் நின்றதே இல்லை. "நான் பாக்குறேன்" என்று சொல்லிக் கையை விட்டேன். இரும்பு கொதித்தது, முழங்கை சுட்டுவிட்டது. விரலில் துணி தட்டியது. இழுத்தேன். காய்ந்த சவுக்கு முள்ளும் மண்ணுமாக ஒரு முனை வந்தது. இன்னும் இழுக்க, கறுத்து, வழுவழுப்பாக மீதி வந்தது. கிளிப்பச்சையில் அரக்குக் கரை.

"ஒங்க சேலையா அத்த?"

"ஆமாங்க. கிழிஞ்சு போனது."

பாதிதான் வந்திருந்தது. மீதி எதிலோ கவ்விக்கொண்டிருந்தது. ரொம்ப இழுத்தால் அறுந்து உள்ளேயே நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. அவர் உள்ளே ஓடிப்போய் லிவரைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளவா அத்த?"

"தள்ளுங்க. கொஞ்சம். இருங்க இருங்க... இந்தாண்ட வாணாம், அந்தாண்ட தள்ளுங்க."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். விட்டு விட்டுத் தள்ளுங்க மாப்ள. இப்ப!"

உள்ளே எங்கோ டப்பென்று ஒரு சத்தம். துணி முழுதும் என் கையோடு வந்துவிட்டது. நான் பின்னால் இரண்டு எட்டு தடுமாறினேன். "நவுந்துடுச்சு!" என்றார் உள்ளேயிருந்து. லிவரை அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டதும் நாலு வாயும் திறந்துகொண்டன. மெக்கானிக் கடையில் வந்ததைவிடப் பலமாக வந்தது. இவர் தலைமயிர் பறந்தது.

ஆனாலும் கிளம்பவில்லை. மருமகன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அத்த, சிதம்பரத்துக்கே திரும்பிடலாமா? இல்ல, தாண்டிடலாமா? நீங்க சொல்லுங்க. எனக்குத் தெரியல."

அப்படி யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. இவர் தொண்டைக் குழியைப் பார்த்தேன். இன்னும் குழிந்துகொண்டுதான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மருந்து வேலை செய்யட்டும் என்று இருந்தேன். பின்னால் போனால் அதே வெயில், ரொம்பத் தூரம், மறுபடி ஐஸ் கட்டாது என்று என்ன நிச்சயம். முன்னால் போனால் கொஞ்ச தூரம்தான். ஆனால் லிவர் சரியாக மூடவில்லை என்றால் அந்தக் கொஞ்ச தூரமே போதும். கேட்டவர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். இவர் தோள் கொஞ்சம் இறங்கியது. உதட்டு நீலம் வெளுத்தது. தலையைத் தூக்கி, தாடையால் முன்பக்கம் காட்டினார்.

"போங்க" என்றேன். "நான் மோந்து பாத்துக்கிட்டே வரேன். வாடை வந்தா சொல்றேன். அப்ப ஒடனே திருப்பிடுங்க."

இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, நடுவில் இருந்த வாய்க்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டேன். ஒரு கை பின்னால் இவர் முதுகில். கம்பெனிச் சுவர் ஆரம்பித்தது. ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பொம்பளை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெளியே வாடை இருக்கிறது என்பது அவளைப் பார்த்துத் தெரிந்தது.

"வருதா அத்த?"

"இல்ல. போங்க."

"இப்ப?"

"இல்ல. பழைய துணி நாத்தம்தான் வருது. போங்க போங்க."

நாங்கள் இருந்த தெரு வலது பக்கம் வந்துவிட்டுப் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கை எடுத்தால் ஏதாவது நடந்துவிடும் என்கிற மாதிரி இருந்தது. லாரி ஒன்று முன்னால் வழியை மறித்துக்கொண்டு ஊர்ந்தது. மருமகன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. என் கைக்குக் கீழே இவர் முதுகு ஏறியது, இறங்கியது. ஏறியது, நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இறங்கியது. லாரி ஒதுங்கியது. காற்று குறையவில்லை, நாலு வாயிலும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

முதுநகர் வந்ததும் இவர் என் தோளைத் தட்டி, கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையால் காட்டினார்.

"வாணாம் மாமா, மீன் நாத்தம்" என்றார் மருமகன்.

"அதான்... வேணும்" என்றார் இவர்.

கொஞ்சமாக இறக்கிவிட்டோம். கருவாட்டு வாடையும் உப்பனாற்றுச் சேற்று வாடையும் உள்ளே வந்தன. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தார். இருமல் வரவில்லை.

வீட்டு வாசலில் மகள் ஈரப் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். அப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தோம். விசிறிக்கு அடியில் மூச்சு அடங்கி, ஒரு சீராக வந்தது. அதற்குப் பிறகுதான் மகள் தன் போனை எடுத்துப் பார்த்தாள்.

"எத்தினி தடவ பண்ணியிருக்க! பாத்ரூம் கழுவிக்கிட்டிருந்தேன், கேக்கலம்மா. என்னா சொல்லணும் அவருகிட்ட?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாசலில் நின்று முழங்கை வரைக்கும் இருந்த கரியைக் கழுவிக்கொண்டிருந்த தன் புருஷனைப் பார்த்தாள். "நீயா?" என்றாள். நான் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மருமகன் அந்தப் பொந்துக்கு மேல் கொசுவலைக் கம்பி அடித்தார். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க அதே வண்டியில் மறுபடி சிதம்பரம் போனோம். மகளும் வந்தாள், முன்சீட்டில். கண்ணாடி கூரைப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அதில் என் முகம் தெரிந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தேன். சவுக்குத் தோப்பு வருவதற்கு முன்னால், கம்பெனிச் சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் அவர் லிவரைத் தள்ளினார். டப்பென்று கேட்டது.

"பின்னாடி காத்து வருதா அத்த?"

மகள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"வருதுங்க மாப்ள" என்றேன்.